மீன் கள்ளனைப் பிடித்த கமரா

ராஜகிரியவில் எங்கள் பின்மதிலுக்கு அந்தப் பக்கம் கால்வாய், அதைத் தாண்டினால் சதுப்பு. தொட்டியில் விட்ட பதினொரு கோய் மீனில் நான்கு ஒரே மாதத்தில் காணாமல் போக, அம்மா பக்கத்து வீட்டுப் பூனையைத் திட்டத் தொடங்கினார். அது ஊர்ச்சண்டையாக முதல், புறக்கோட்டையில் 17,500 ரூபா கொடுத்து இந்தக் கமராவை வாங்கினேன். மரத்தில் கட்டிவிடும் வகை. சூடான உடம்பு ஏதும் குறுக்கே அசைந்தால் தானாகவே படம் பிடிக்கும்.

முதல் நாள் பகலில் 212 படம். அத்தனையும் வெயிலில் ஆடிய வாழையிலை! நிழல் பக்கம் திருப்பிக் கட்டினேன்.

நான்காம் இரவு 2.40க்கு ஆள் வந்தார். கட்டையான கால், பருத்த உடம்பு, வரிசை வரிசையாகப் புள்ளி. கலிபோர்னியாவில் இருக்கும் மச்சானுக்கு அனுப்பினேன். "டேய், இது பொப்கட், இங்கத்தைக் காட்டுப்பூனை. எங்கட வளவுக்கும் முயல் பிடிக்க வாறது" என்றார். அவர் அனுப்பிய படத்தில் வால் ஒரு சாண்கூட இல்லை, காது நுனியில் மயிர்க்குஞ்சம். எங்களுடையதற்குக் குஞ்சமே இல்லை, வாலும் சற்று நீளம். காதின் பின்புறக் கறுப்பில் வெள்ளைப் பொட்டு மட்டும் இரண்டுக்கும் ஒன்றுபோல. இது கொடுப்புலி, மீன் பிடித்துத் தின்னும் காட்டுப்பூனை. சிங்களத்தில் ஹந்துன் திவியா. கொழும்புச் சதுப்புகளில் இன்னும் சீவிக்கிறது.

கமராவின் பெரிய குறை இங்கேதான் தெரிந்தது. கடையில் வைத்துத் தந்த அமைப்பில் பத்து செக்கன் வீடியோ, பிறகு ஒரு நிமிடம் ஓய்வு. கொடுப்புலியோ தொட்டி விளிம்பில் கல்லுமாதிரிக் குந்தியிருக்கும். அசையாவிட்டால் சென்சரும் தூங்கிவிடும். அடுத்த வீடியோவில் ஈரத் தரை மட்டும். முப்பது செக்கன், ஐந்து செக்கன் இடைவெளி என்று மாற்றிய பிறகுதான் முழு வித்தையும் கிடைத்தது: முன்காலால் தண்ணீரை மெல்ல இரண்டு தட்டு, பூச்சி விழுந்தமாதிரி. மீன் மேலே வந்ததும் தலையை முழுதாக உள்ளே விட்டது. காது வரை நனைந்தும் உதறக்கூட இல்லை. இந்த ஒரு காட்சிக்காகவே கொடுத்த காசு சரி.

பொறி வைப்போமா என்றார் சித்தப்பா. சட்டப் பாதுகாப்புள்ள விலங்கு, பேசாமல் இருங்கள் என்றேன். தொட்டிக்கு இரும்பு வலை போட்டாயிற்று.

கமராவுக்கு ஐந்துக்கு மூன்றரைப் புள்ளி. மழை இரவில் அதன் கண்ணாடியில் ஆவி படிகிறது. கூடவே தந்த எட்டு பென்டோர்ச் பற்றரியும் ஒரு கிழமை தாங்கவில்லை. வாங்குபவர்கள் பற்றரியை வேறு கடையில் எடுங்கள்.