முழு மரமா, ஒட்டுப் பலகையா?

பதினொரு ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்துமஸ் நெருங்கிய நேரத்தில், நானும் என் மச்சினனும் மார்த்தாண்டத்திலிருந்து பஸ் ஏறித் திருவனந்தபுரம் போய் ஆளுக்கொரு கிட்டார் வாங்கி வந்தோம். என்னுடையதன் முன்பலகை முழு ஸ்ப்ரூஸ் மரம். கடைக்காரர்கள் சாலிட் டாப் என்பார்கள். அவனுடையது மெல்லிய மரத் தாள்களை அடுக்கி ஒட்டிய லேமினேட். விலை பாதிகூட இல்லை. இருவரும் ஒரே பாடகர் குழுவில் வாசிப்பதால், ஒப்பிட்டுப் பார்க்க ஞாயிறுதோறும் வாய்ப்பு.

லேமினேட்டின் நன்மைகளை எல்லோரும் அறிவார்கள். பனியில் கேரல் பாடப் போகலாம், பிள்ளைகளிடம் தயங்காமல் கொடுக்கலாம். ஒலி அன்று எப்படியோ இன்றும் அப்படியே. அதற்காக ஒட்டுப் பலகை என்றாலே மட்டம் என்று தள்ளிவிடவும் முடியாது: 1966இல் வந்த யமஹா எஃப்ஜி180 லேமினேட்தான், அதை இன்றும் தேடி வாங்குகிறார்கள்.

என் மனம் முழு மரத்தின் பக்கமே. வெட்டிய பிறகும் மரம் பல ஆண்டுகள் மாறிக்கொண்டே இருக்கிறது. மரநாரில் உள்ள ஹெமிசெல்லுலோஸ் என்ற பொருள் மெல்லச் சிதைகிறது, பிசின் இறுகுகிறது. பலகை எடை குறைந்தும் விறைப்புக் குறையாமலும் நிற்பதால் அதிர்வு சீக்கிரம் அடங்குவதில்லை. என் கிட்டாரில் ஏழாம் ஆண்டுவாக்கில் அடிக்கம்பிகளின் கார்வை நீண்டதாக உணர்ந்தேன். இதில் என் காது பழகியது எவ்வளவு, கை தேறியது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. சிட்னியில் ஒரே மரங்களிலிருந்து இரண்டு வயலின்கள் செய்து, ஒன்றை அருங்காட்சியகத்தில் வைத்து, மற்றதைத் தொடர்ந்து வாசித்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்துக் கேட்டவர்களுக்குக் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆகவே 'வாசிக்க வாசிக்க ஒலி திறக்கும்' என்று பலர் சொல்வதை நான் அடித்துச் சொல்லமாட்டேன். மரம் மூப்பதை மட்டும் நம்புகிறேன்.

ஆனால் நம் ஊரில் மூப்பைவிட ஈரம் முந்திக்கொள்கிறது. ஜூனில் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்த கையோடு அக்டோபரில் துலாமழை. கிட்டாருக்கு ஏற்ற ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். மழை மாதங்களில் என் அறையில் மானி 80ஐத் தாண்டி நிற்கும். முழு மரம் அந்த ஈரத்தைக் குடித்து அகலவாக்கில் உப்பும். கம்பிகளை முன்பலகையில் பிடித்து நிற்கும் கட்டையான பிரிட்ஜுக்குப் பின்னால் வயிறு தள்ளும், கம்பி உயரும், விரல் நோகும். கனத்த பலகை போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் ஒலிக்கும். அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருப்பதால் மச்சினன் கிட்டாருக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு.

நான்காம் ஆண்டு மழையில் என் கிட்டாரின் பிரிட்ஜ் பின்விளிம்பில் பெயர்ந்தது. ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ இழுப்பு. தளர்ந்த பசை தாங்குமா? வயலின் பழுது பார்க்கும் ஆசாரி ஒருவர், "இதைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தீர்களா?" என்று கேட்டார். ஆமாம், அழகுக்காக மாட்டியிருந்தேன். மறுபடி ஒட்டிக் கொடுத்தார்.

அதன் பிறகு கிட்டார் பெட்டியை விட்டு வெளியே தூங்கியதில்லை. உள்ளே சிறிய ஈரமானி, நான்கு சிலிக்கா ஜெல் பைகள். மணிகள் நிறம் மாறியதும் பிரித்து வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து எடுப்பேன். அந்த வாணலியில் சமைக்கக்கூடாது என்று வீட்டில் தனியாக ஒதுக்கிவிட்டார்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை இந்த வேலை உண்டு. முடியாது என்பவர் லேமினேட் வாங்கிக்கொள்வதே நல்லது. ஈரத்தில் ஊறிய முழு மரத்தைவிட அது நன்றாகவே பாடும்.

செடார் மரம் முதல் நாளே கனிந்து ஒலிக்கும், ஸ்ப்ரூஸ் போலக் காக்கவைக்காது என்பார்கள். கடையில் அரைமணி நேரம் வாசித்ததற்கு மேல் எனக்கு அதில் அனுபவமில்லை.

பழைய கிட்டார் வாங்குகிறவர்கள் ஒலித்துளையின் விளிம்பைப் பாருங்கள். மேலே தெரியும் மரக்கோடு விளிம்பிலும் கீழே இறங்கினால் முழு மரம். அடுக்கு தெரிந்தால் லேமினேட். பிறகு பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு காகித நுனியைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் ஒட்டுக்கூலியைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள். என் கிட்டாரை விலைக்குக் கேட்டு வந்தவரும் அதைத்தான் செய்தார். காகிதம் போகவில்லை, நானும் கொடுக்கவில்லை.