பைக் வயரிங்குக்கு ஆன்லைனில் டேப் வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள்: என் 4,650 ரூபாய் போனது இப்படித்தான்

4,650 ரூபாய். கறுப்பு டேப் ரோல்களை நம்பி நான் இழந்த பணம். பைக் வைத்திருக்கிற எல்லோரும் படிக்கவேண்டும் என்றுதான் எழுதுகிறேன். எந்த இடத்துக்கு எந்த டேப், எப்படிப் பார்த்து வாங்குவது என்பதையெல்லாம் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். டேப் விற்ற தளத்திலிருந்து இன்று காலை வந்த பதிலைப் படித்ததிலிருந்து வேறு எதுவும் ஓடவில்லை.

என் வண்டி பழைய 100 சிசி. 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் நிறுத்தியிருந்தபோது சீட் வரைக்கும் தண்ணீரில் நின்றது. இன்ஜினை அப்போதே கழுவி ஓட்டிவிட்டோம். ஆனால் வயருக்குள் போன ஈரம் உடனே தெரியாது. செம்பு மெல்ல மெல்லப் பச்சை பூத்து அரித்துக்கொண்டே வரும். இந்த வருடம் இண்டிகேட்டர் ஒருநாள் எரியும், ஒருநாள் எரியாது. ஹாரன் அழுத்தினால் ஹெட்லைட் மங்கும். அம்பாசமுத்திரத்தில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணாச்சி டேங்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு, முழு வயரிங் கிட்டையும் மாற்றவேண்டாம், கெட்டுப்போன இடங்களை மட்டும் வெட்டிப் புது வயர் சேர்த்து ஈயம் வைத்துவிடலாம் என்றார். அப்புறம் ஒன்று சொன்னார்: "டேப்பு மட்டும் நல்லதா பாத்து வாங்கிட்டு வாங்க தம்பி. வீட்டு வயரிங்குக்குச் சுத்துறத இதுல சுத்துனா, நம்ம ஊரு வெயிலுக்குப் பசை ஒழுகிரும்."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வீட்டு வயரிங்குக்கு விற்கிற சாதாரண பிவிசி டேப் பெரும்பாலும் 0.125 மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். சுவருக்குள் ஆடாமல் அசையாமல் கிடக்கிற வயருக்கு அது போதும். பைக்கில் அதே டேப் இன்ஜினுக்கு மேலே, டேங்குக்கு அடியில், வெயிலில் காய்ந்துகொண்டு, நாள் முழுக்க அதிர்ந்துகொண்டு இருக்கவேண்டும். ஹேண்டில் திரும்பும்போதெல்லாம் கழுத்துப் பக்கத்து வயர்க் கற்றை வளைந்து நிமிரும். அங்கே டேப் பிரிந்தால் அடுத்து வயரின் தோல் உரியும்.

அதனால்தான் தேடிப் பார்த்து வாங்கலாம் என்று உட்கார்ந்தேன். நல்ல வினைல் டேப் (அதுவும் பிவிசிதான்) 0.18 மில்லிமீட்டர் கனத்தில், 105 டிகிரி வரை தாங்குகிற மாதிரி வருகிறது. இன்னொன்று துணி டேப். கார் கம்பெனிகள் வயர்க் கற்றையைச் சுற்றுவதற்குப் பாலியெஸ்டர் துணியில் செய்த டேப்பைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். ஜெர்மன் கார் கம்பெனிகள் இதற்கென்று எல்வி 312 என்று ஒரு தரம் வைத்திருக்கிறார்கள். அதில் டி1 என்றால் 85 டிகிரி, டி2 என்றால் 105, டி3 என்றால் 125, டி4 என்றால் 150. துணி டேப் உராய்வு தாங்கும், சத்தம் குறைக்கும். ஆனால் கரண்டைத் தடுப்பது அதன் வேலை இல்லை. திறந்த ஜாயிண்ட்டின் மேல் வினைல் டேப்போ, சூடு காட்டினால் சுருங்கி இறுகுகிற ஸ்லீவோ போட்டு, அதற்கு மேலேதான் துணி வரவேண்டும். மூன்றாவது, தன்னோடு தானே ஒட்டிக்கொள்கிற சிலிகான் டேப். அதில் பசையே கிடையாது, சூட்டுக்கும் அசையாது. ஆனால் கூரான விளிம்பு பட்டால் கிழிந்துவிடும், விலையும் கூடுதல்.

இதையெல்லாம் பார்த்து முடிவு செய்துதான் வாங்கினேன். இருசக்கர வாகன உதிரிப் பாகங்கள் மட்டும் விற்கிற ஒரு ஆன்லைன் தளம். பெயர் சொல்லவில்லை, புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. நான்கு ரோல் வினைல், இரண்டு ரோல் துணி டேப், சேர்த்து 1,150 ரூபாய். வினைல் 105 டிகிரி, துணி டி4 என்று பட்டியலில் தெளிவாகப் போட்டிருந்தது. நல்ல மதிப்புரைகளும் நிறைய இருந்தன.

அப்படியும் எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. கடையில் 200 ரூபாயில் முடிகிற செலவுக்கு 1,150 போடுகிறோமே என்று. விற்பனையாளர் பக்கத்தில் ஒரு செல் நம்பர் இருந்தது, கூப்பிட்டேன். எடுத்தவர் இரண்டு வார்த்தை பேசியதுமே, "அண்ணாச்சி, நீங்க தின்னவேலியா? பேச்சுலயே தெரியுதே. நமக்கு நாங்குநேரிப் பக்கம்" என்றார். எந்த வண்டி என்று கேட்டார். எங்கே ஜாயிண்ட் வரும் என்று கேட்டார். "மேக்னட்டுல இருந்து (இன்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்குகிற பாகம்) வாற வயரு ரொம்ப சூடாகும், அதுக்கு இந்த 105தான் சரி. கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க, ஏதாவது ஒண்ணுன்னா என்னய கூப்பிடுங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அந்த "பாத்துக்கிடுதேன்" இருக்கிறதே, அதற்காகத்தான் பணம் கட்டினேன். சென்னையிலிருந்து யாரோ ஒருவர் மனப்பாடமாகப் பேசியிருந்தால் யோசித்திருப்பேன். ஊர்க்காரர், தொழில் தெரிந்தவர், விவரம் கேட்டுப் பேசுகிறார். இதைவிட ஒரு மனிதன் எதைப் பார்த்து நம்புவது?

டேப் வந்தது, அண்ணாச்சி ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்த்தார். ஒவ்வொரு ஜாயிண்ட்டிலும் ஈயம் வைத்து, பாதிக்குப் பாதி மேலேறுகிற மாதிரி வினைலைச் சுற்றி, அதற்கு மேல் துணி டேப்பை இறுக்கமாகச் சுற்றினார். கூலி 1,200. அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை. பின்னால் வந்த பதில்களைப் படிக்கும்போது இது ஞாபகத்தில் இருக்கட்டும்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. அக்னி நட்சத்திர வெயில். பாளையங்கோட்டையில் டாக்டரைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துத் திரும்பிக்கொண்டிருந்தேன். சேரன்மகாதேவி தாண்டி வீரவநல்லூர் வருவதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. திடீரென்று ஹெட்லைட் அணைந்தது. மினுக்கவில்லை, மங்கவில்லை, ஒரேயடியாகப் போய்விட்டது. என் வண்டியில் ஹெட்லைட் பேட்டரியில் எரிவதில்லை, நேராக மேக்னட் காயிலிலிருந்து கரண்ட் எடுக்கிறது. எதிரே மணல் லாரி. கண் முன்னால் ரோடே தெரியவில்லை. எப்படியோ ஓரம் கட்டினேன். அம்மாவுக்குக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது, வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்த பிறகும் நிற்கவில்லை. ரூபாய்க் கணக்கில் இது சேராது.

மறுநாள் அண்ணாச்சி திறந்து காட்டியதைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். வினைல் டேப்பின் பசை உருகி வழிந்து, டேப் ஜாயிண்ட்டை விட்டு நழுவிப்போயிருந்தது. காயிலிலிருந்து வருகிற மஞ்சள் வயரும் வெள்ளை வயரும் ஈயம் வைத்த இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. காயிலுக்கும், கரண்ட் அளவைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டருக்கும் நடுவில் ப்யூஸ் கிடையாது, ஷார்ட் ஆனால் தடுக்க ஒன்றுமில்லை. காயில் கருகிவிட்டது. டி4 என்று விற்ற துணி டேப் பாலியெஸ்டரே இல்லை. நுனியைப் பிரித்துக் கொளுத்திப் பார்த்தார். உருகிச் சுருங்காமல் சாம்பலாக உதிர்ந்தது. வெறும் பருத்தித் துணி. ஆயில் கசிவையும் ஈரத்தையும் உறிஞ்சி ஊறிப்போயிருந்தது. மீதியிருந்த ரோலின் உள் அட்டையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்தால் அடியில் இன்னொரு ஸ்டிக்கர், அதில் வேறு பெயர். 105 என்ற எண்ணே இல்லை.

புதுக் காயில் பிளேட்டும் வயரும் 1,400. மறுபடி கூலி 900, அதுவும் அண்ணாச்சி குறைத்து வாங்கியது. டேப் 1,150, முதல் கூலி 1,200. மொத்தம் 4,650 ரூபாய்.

இனி அவர்கள் செய்தது. முதலில் நாங்குநேரிக்காரரைக் கூப்பிட்டேன். "அண்ணாச்சி நான் வண்டியில இருக்கேன், கூப்பிடுதேன்" என்றார். கூப்பிடவில்லை. விடாமல் கூப்பிட்டு ஒருவழியாகப் பிடித்ததும் குரல் மாறியிருந்தது. "டேப்புல ஒண்ணும் இல்ல சார், ஒங்க மெக்கானிக்குக்குச் சுத்தத் தெரியல." என்னைக் கூப்பிட்ட "அண்ணாச்சி" போய்விட்டது, "சார்" வந்துவிட்டது. முப்பது வருடமாக வயரிங் பார்க்கிற மனிதரை, அவர் வேலையைக் கண்ணால் பார்க்காமலே பழி சொல்கிறார். அந்த இடத்தில்தான் எனக்கு ரத்தம் கொதித்தது. அதற்குப் பிறகு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

தளத்தின் சாட்டில் போனால் முதலில் இயந்திரம். ஆர்டர் எண் கொடுத்தால் "திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டது" என்று சொல்லி மூடிக்கொள்கிறது. அந்தக் காலம் ஏழு நாள். பொட்டலம் பிரித்த அன்றைக்கே டேப் உருகுமா? வெயிலில் ஓடினால்தானே தெரியும்! விடாமல் எழுதி ஒரு ஆளைப் பிடித்தேன். பார்சல் பிரிக்கும்போது எடுத்த வீடியோ கேட்டார். இல்லை, ஆனால் இரட்டை ஸ்டிக்கர் போட்டோ இருக்கிறது என்று அனுப்பினேன். ரோலைப் பிரிக்காமல் அனுப்பச் சொன்னார். பிரிக்காமல் எப்படி ஐயா வயரில் சுற்றுவது? அடுத்து வந்த ஆளுக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லவேண்டியிருந்தது. அவரும் "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்றார். இன்று காலை கடைசிப் பதில்: நல்லெண்ண அடிப்படையில் 50 ரூபாய் கூப்பன், அடுத்த ஆர்டருக்கு, புகார் முடித்துவைக்கப்பட்டது. 4,650 ரூபாய் இழந்தவனுக்கு 50 ரூபாய் கூப்பன்! அதுவும் அவர்களிடமே மறுபடி வாங்கினால்தான்.

நான் விடப்போவதில்லை. 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டேன். 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ளவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். அவருக்கும் தனியாக மெயில் போட்டிருக்கிறேன். அதிலும் நடக்கவில்லை என்றால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய்க்குள் உள்ள வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.

டேப் பற்றி விவரமாக எழுதுவதாகச் சொன்னேன். இப்போது கை ஓடவில்லை, அவசரத்துக்கு இவ்வளவு மட்டும். பட்டியலில் போட்டிருக்கிற டிகிரியை நம்பாதீர்கள். ரோல் கைக்கு வந்ததும் உள் அட்டையைப் பாருங்கள், மின் டேப்புக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 7809 முத்திரையும் தயாரிப்பாளர் முகவரியும் இருக்கிறதா என்று. ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் இருந்தால் அப்போதே திருப்பி அனுப்புங்கள். வினைல் டேப்பை இழுத்து விட்டால் ஓரளவாவது சுருங்கித் திரும்பவேண்டும். இழுத்தது இழுத்தபடி நின்று வெளுத்தால் வேண்டாம். பொருத்துவதற்கு முன் ஒரு துண்டை ஏதாவது கம்பியில் சுற்றி நாள் முழுக்க வெயிலில் போட்டு, பசை வழிகிறதா பாருங்கள். மேக்னட் வயர் ஜாயிண்ட்டுக்கு டேப்பை மட்டும் நம்பவே வேண்டாம், சுருங்கும் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள், அது இல்லை என்றுதான் என்னைத் துரத்தினார்கள். போனில் நம்ம ஊர்ப் பேச்சு பேசினால் அதையே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பமாட்டேன் என்றால் வாங்காதீர்கள்.

இதே மாதிரி இரட்டை ஸ்டிக்கர் ரோல் உங்கள் கையிலும் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பில்லோடு சேர்த்துப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், என் புகாரோடு இணைக்கிறேன். இந்த டேப்பை ஏற்கெனவே வண்டியில் சுற்றியிருக்கிறவர்கள் இன்றைக்கே டேங்கைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள், அதுவரை இரவில் வண்டி எடுக்காதீர்கள்.