படகுக்கு இன்வேர்ட்டர் பூட்டி 385,000 ரூபாய் போனது, அண்ணாவின் உயிரும் போகப் பார்த்தது

நேற்றுப் பின்னேரம் என் அண்ணா செத்துப் பிழைத்தார். கோபம் ஆறுவதற்கு முன்பே எழுதிவிடவேண்டும் என்று இருக்கிறேன். முகத்துவாரத்திலோ நீர்கொழும்பிலோ படகு வைத்திருக்கும் ஒருவரும் எங்களைப்போல் ஏமாறக் கூடாது. கரை மின்சாரத்தையும் இன்வேர்ட்டரையும் எப்படிச் சோதிப்பது என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

எங்களுடையது பலநாள் படகு. ஆறு பேர் இரண்டு கிழமை கடலில் நிற்பார்கள். விளக்கு, மின்விசிறி, சாப்பாட்டுச் சாமான் வைக்கும் சிறிய குளிர்சாதனப் பெட்டி, இவற்றுக்காகத்தான் இன்வேர்ட்டர் தேவைப்பட்டது. துறையில் கட்டியிருக்கும்போது கரையிலிருந்து வயர் இழுத்துப் பற்றரிகளை நிரப்புவோம். புறக்கோட்டையில் மின்பொருள் விற்கும் ஒரு கடைக்குப் போனோம். முறைப்பாடு கொடுக்கவிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை.

முதலாளி பிளேன்டீ வரவழைத்துத் தந்தார். தன் தகப்பனும் கடலுக்குப் போனவர்தான் என்றார். பெட்டியைத் திறந்து, கிரைண்டர் ஒன்றைப் பூட்டி எங்கள் கண்முன்னே ஓடவைத்துக் காட்டினார். "தம்பி, இது கடலுக்கென்றே வந்த சாமான், 3000 வாட். உங்கள் ஆட்கள் நடுக்கடலில் நிற்கும்போது நான் வீட்டில் நிம்மதியாகத் தூங்குவேனா? பொறுப்பு என்னுடையது" என்றார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அண்ணா விலை பேசவே இல்லை. இன்வேர்ட்டர், இரண்டு பற்றரிகள், வயர், பூட்டுக்கூலி எல்லாம் சேர்த்து 385,000 ரூபாய். அதில் ஒரு பங்கு அண்ணியின் சங்கிலியை அடகு வைத்த காசு. பற்றுச்சீட்டில் "இன்வேர்ட்டர் செட் 1" என்று மட்டும் எழுதியிருந்தது. மாதிரி இலக்கம் இல்லை. அப்போது அது எங்கள் கண்ணில் படவே இல்லை.

கடை அனுப்பிய வயரிங் பாஸ், அதாவது மின்வேலை செய்பவர், ஒரே நாளில் வேலையை முடித்தார். புதிய பற்றரிகளை எஞ்சின் ஸ்டார்ட் செய்யும் பழைய பற்றரிகளோடு சேர்த்துக் கட்டினார். ஏன் என்று கேட்டேன். "எல்லாம் ஒன்றாய் இருந்தால் பலம் கூடும்" என்றார். கரை வயரைப் பிளக்கில் குத்தியதும் கரையிலிருந்த ட்ரிப் சுவிட்ச், மின்சாரம் கசிந்தால் தானே நிற்கும் அந்தச் சுவிட்ச், விழுந்தது. மறுபடி போட்டார், மறுபடி விழுந்தது. பாஸ் பிளக்கைக் கழற்றி ஏதோ செய்து திரும்பப் பூட்டினார். பிறகு விழவில்லை. அவருக்கு நன்றி சொல்லிச் சாப்பாட்டுக்கும் காசு கொடுத்து அனுப்பினேன்.

கடலுக்குப் போன நான்காம் இரவு குளிர்சாதனப் பெட்டி நின்றது. விடியற்காலையில் வலை இழுக்க எஞ்சினை ஸ்டார்ட் செய்யப் போனால் அதுவும் அசையவில்லை. இன்வேர்ட்டர் எல்லாப் பற்றரிகளையும் ஒன்றாய் உறிஞ்சிவிட்டிருந்தது. பக்கத்தில் நின்ற படகுக்காரர்கள் தங்கள் பற்றரியைத் தந்திருக்காவிட்டால் ஆறு பேரின் கதி என்ன? காற்று எழும்பியிருந்தால்?

திரும்பி வந்ததும் கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். "பாஸ் வெளியூர் போய்விட்டார்" என்றார்கள். அடுத்த கிழமை, "போயா முடிந்து வாருங்கள்." போனோம். அதே முதலாளி, இந்த முறை கதிரைகூடக் காட்டவில்லை. "உப்புக் காற்றில் வைத்தால் எந்தச் சாமானும் பழுதாகும். கடலில் பாவித்தால் வாரண்டி இல்லை, பற்றுச்சீட்டின் பின்பக்கம் பாருங்கள்" என்றார். கடலுக்கென்றே வந்த சாமான் என்று சொன்ன அதே வாய்! 385,000 ரூபாய் வாங்கிய கை, எங்களை வாசலைக் காட்டி அனுப்பியது. அதன் பிறகு என் இலக்கத்திலிருந்து அழைத்தால் எடுப்பதே இல்லை.

நேற்று அண்ணா படகில் வேலை செய்துகொண்டிருந்தார். கரை மின்சாரம் பூட்டியிருந்தது. ஒரு கை குளிர்சாதனப் பெட்டியில், மற்றக் கை எஞ்சினோடு சேர்ந்த இரும்புக் குழாயில். தூக்கி எறியப்பட்டு விழுந்தார். அதே கணம் கரையில் ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. அது விழுந்ததால்தான் அவர் இன்று உயிரோடு இருக்கிறார்.

கப்பல் திருத்தும் இடத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரைக் கூட்டிவந்தோம். அவர் முதலில் திறந்தது அந்தப் பிளக்கைத்தான். கசியும் மின்சாரத்தை நிலத்துக்குக் கொண்டுபோகும் எர்த் வயர் வெட்டிச் சுருட்டி ஒதுக்கப்பட்டிருந்தது. மின்சாரம் வரும் பேஸும் அது திரும்பிப் போகும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தன. அவர் விளக்கியது இது: எங்களுக்குத் தந்தது வீட்டுக்குரிய இன்வேர்ட்டர். அதற்குள் நியூட்ரலும் எர்த்தும் நிரந்தரமாகச் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கின்றன. படகுக்குரியது என்றால், கரை மின்சாரம் வந்ததும் அந்த இணைப்பைத் தானே பிரித்துவிடும். பிரிக்காவிட்டால், நியூட்ரலில் திரும்பவேண்டிய மின்சாரத்தில் ஒரு பகுதி எர்த் வழியாகப் போகும். போவதற்கும் வருவதற்கும் 30 மில்லி அம்பியர் வித்தியாசம் வந்தாலே வழமையான ட்ரிப் சுவிட்ச் விழும். பாஸ் பிழையைத் தேடவில்லை, எர்த்தை வெட்டி ட்ரிப் சுவிட்சின் வாயை அடைத்தார். பிளக்கைத் திரும்பப் பூட்டும்போது வயரையும் மாற்றிப் போட்டார். எர்த்தோடு கட்டிய நியூட்ரலில் இப்போது பேஸ். குளிர்சாதனப் பெட்டியின் உடம்பு முழுவதும் 230 வோல்ட். இதற்கா நாங்கள் 385,000 ரூபாய் கொடுத்தோம்?

பிறகு பற்றரி வயரைக் கத்தியால் சுரண்டினார். செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. செம்பு பூசிய அலுமினியம். ஏறத்தாழ 1000 வாட் சுமை போட்டு அளந்தபோது பற்றரி முனையில் 24.4 வோல்ட், இன்வேர்ட்டர் முனையில் 22.6. வழியிலேயே 1.8 வோல்ட் வயரையும் மூட்டுகளையும் சூடாக்கிக்கொண்டிருந்தது.

விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. அவசரமானவற்றை மட்டும் சொல்கிறேன். ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் எர்த் வயரை வெட்டவோ கழற்றவோ விடாதீர்கள், அப்படிச் செய்பவரைப் படகிலிருந்து இறக்குங்கள். எஞ்சின் பற்றரியை இன்வேர்ட்டரோடு சேர்க்கவே வேண்டாம். காசு கொடுக்கும் முன் வயரின் நுனியைச் சுரண்டிப் பாருங்கள். மாதிரி இலக்கமும், படகில் பாவிக்கலாம் என்ற வாக்கும் பற்றுச்சீட்டில் எழுத்தில் இருக்கவேண்டும். பூட்டிய பிறகு வேறொருவரைக் கொண்டு பிளக்கைத் திறந்து பாருங்கள்.

நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 இலக்கத்துக்குக் காலையில் அழைக்கப்போகிறேன். வெட்டிய எர்த் வயரோடு அந்தப் பிளக்கை அப்படியே பையில் போட்டு வைத்திருக்கிறேன். அண்ணாவின் வலக்கை விரல்கள் இரண்டு இன்னும் மரத்தே இருக்கின்றன.