பைரவரா, வீரபத்திரரா? முதலில் காலடியைப் பாருங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் குலதெய்வக் கோயிலைப் புதுப்பிக்க ஆரம்பித்தாலே இந்தக் கேள்வி வந்துவிடும். எண்ணெய் ஏறிக் கறுத்த கல், நாலு கை, கோரைப்பல், உருட்டிய விழி. பங்காளிகளில் பாதிப் பேர் பைரவர் என்பார்கள், மீதிப் பேர் வீரபத்திரர் என்பார்கள். இருவரும் சிவனின் கோபத்தில் பிறந்தவர்கள், அதனால் முகம் துப்புக் கொடுக்காது. ஆயுதமும் முழுத் துணை ஆகாது. பழைய சிலையில் முதலில் உடைவது கைநுனிதான். மூளியான கையில் இருந்தது சூலமா வாளா என்று ஊகிப்பது வீண்.

ஆகவே கீழிருந்து மேலே பாருங்கள். கால்களுக்குப் பின்னால் குறுக்காக ஒரு நாய் நின்றால் பைரவர் பக்கம் சாய்கிறது. காலருகே ஆட்டுத்தலையோடு கைகூப்பி நிற்கும் சிறிய உருவம் இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது வீரபத்திரர் வேள்வியில் தலை கொய்த தக்கன். அப்படியானால் நிற்பவர் வீரபத்திரர். பாதத்தில் பாதுகை செதுக்கியிருந்தாலும் பெரும்பாலும் அவரே. பைரவர் வெறுங்காலோடு, ஆடையில்லாமல், பாம்பையே அணியாகச் சுற்றி நிற்பார். வேட்டி கட்டி வைத்திருப்பதால் இது தெரியாது. அபிஷேக நேரத்தில் அர்ச்சகரிடம் கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். தலையைச் சுற்றி முடி தீச்சுடராக விரிந்தால் பைரவர். உயர்ந்த மகுடம், அதில் சிறு லிங்கம் என்றால் கன்னட, தெலுங்கு நாட்டுச் சாயல் கொண்ட வீரபத்திரர். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இந்தச் சாயலை எதிர்பார்க்கலாம். ஆடு மேய்க்கும் குரும்பர்கள் தங்கள் தலையில் தேங்காய் உடைத்து வழிபடுவதும் இவரைத்தான்.

ஆயுதம் முழுசாக இருந்தால் வேலை சுலபம். சூலம், உடுக்கை, பாசக்கயிறு, கபாலம் (மண்டையோடு) நான்கும் பைரவருக்கு. வாள், கேடயம், வில், அம்பு வீரபத்திரருக்கு. எட்டுக் கை பைரவர் வாளும் கேடயமும் ஏந்துவதுண்டு, அங்கே கபாலத்தைத் தேடுங்கள்.

அந்தக் கபாலத்தில்தான் இருவரின் பொருளும் பிரிகிறது. பிரமனின் செருக்கேறிய ஐந்தாம் தலையைக் கொய்தவர் பைரவர். கொய்த தலை கையிலேயே ஒட்டிக்கொண்டது. அதையே திருவோடாக ஏந்திப் பிச்சையெடுத்து, காசியில்தான் அது கழன்றது. தண்டித்த கடவுளும் தன் செயலின் பாரத்தைக் கையில் சுமக்கிறார். வீரபத்திரர் கதையில் பாரம் வெளியே நிற்கிறது: வேள்வியில் தலை போன தக்கனுக்கு ஆட்டுத்தலை வைத்து உயிர் கொடுத்தாயிற்று, அவன் வணங்கி நிற்கிறான். மன்னிப்பு முடிந்த காட்சி அது. சிவனின் வீரச்செயல்களுக்கான எட்டுத் தலங்களான அட்டவீரட்டத்தில் முதல் கதைக்குக் கண்டியூர், இரண்டாவதற்குப் பறியலூர். இரண்டில் பைரவர் வடிவமே ஆழமானது என்பது எங்கள் எண்ணம்.

இருப்பிடமும் உதவும். சிவன் கோயில் ஈசானிய (வடகிழக்கு) மூலையில் மேற்கோ தெற்கோ பார்த்து நிற்பவர் பைரவர். இரவு நடை சாத்திச் சாவியை அவர் முன் வைப்பது பழைய வழக்கம். தர்மபுரி அருகே அதியமான்கோட்டையில் அவரே மூலவர். தேய்பிறை அஷ்டமியில் சாம்பல் பூசணி விளக்கு அவருக்கு. வெற்றிலை மாலை வீரபத்திரருக்கு.

பெரிய பிழை நடப்பது ஸ்தபதியிடம் போகும்போது. உச்சிவெயிலில் எடுத்த ஒரு செல்போன் படத்தைக் கொடுத்தால் ஆட்டுத்தலை நாய்த்தலையாகத் தெரியும். காலை 7 மணிச் சாய்வெயிலில் எடுங்கள், அல்லது இருட்டில் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் பிடித்து எடுங்கள். தேய்ந்த கோடும் நிழலோடு எழும். முன்பக்கம், இரு பக்கம், பீடம் என்று குறைந்தது 4 படம் வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கை அரப்பு, சீயக்காய் போட்டு எடுக்கலாம். ஆசிட் வேண்டாம், மணல் அடித்துச் சுத்தம் செய்வதும் வேண்டாம். பாதுகையின் வார் போன்ற மெல்லிய கோடுகள்தான் முதலில் போகும்.

இரண்டே கை, வில்லும் குறுவாளும் என்றால் நிறுத்துங்கள். அது இரண்டு தெய்வமும் ஆகாது, இறந்த வீரனுக்கு நட்ட நடுகல்லாக இருக்கும். நம் பக்கம் வேடியப்பன் என்று கும்பிடுவது பலதும் நடுகல்லே. நாய் இருக்கிறதே என்று பைரவராக்கிவிடாதீர்கள். செங்கம் பக்கத்து எடுத்தனூர் நடுகல்லில் திருடர்களைக் கடித்த கோவிவன் என்ற நாயும் வீரனோடு நிற்கிறது. அப்படிப்பட்ட கல்லில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து இருக்கலாம். உளியே படக்கூடாது, சிமென்ட் பீடத்தில் எழுத்தைப் புதைக்கவும் கூடாது.