கராஜ் கதவடி ரப்பர்: புழுதி அடங்கியது, கோபம் அடங்கவில்லை

அரிசோனாவில் சாண்ட்லர் பக்கம் குடிவரப் போகும் நண்பர் கேட்டிருந்தார்: கராஜ் கதவின் அடி ரப்பர், தரையில் ஒட்டும் ரப்பர் பட்டை இரண்டும் வாங்கலாமா? புழுதிப் புயல்கள் கிளம்பும் மான்சூன் காலம் ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை என்பதால் பதிலைத் தள்ளிப்போட முடியாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் இரண்டையும் மாட்டிய பிறகு புழுதி நிஜமாகவே குறைந்தது. முன்பு ஒரு ஹபூப், அதாவது சுவர்போல் எழும்பி வரும் புழுதிப் புயல், அடித்து ஓய்ந்தால் கராஜ் தரையில் விரலால் கோலம் போடலாம். இப்போது ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு, அவ்வளவுதான். இது வெறும் சுத்தம் பற்றிய விஷயம் இல்லை. இந்த மண்ணில் வேலி ஃபீவர் (Valley fever) என்ற நுரையீரல் நோயை வரவைக்கும் பூஞ்சை இருக்கிறது; அமெரிக்காவில் அந்த நோய் அதிகம் பதிவாவது அரிசோனாவில்தான். காய்ந்த புழுதியைத் துடைப்பத்தால் கிளப்பாமல் ஈரத் துணியால் துடைப்பது மேல். துடைக்கவே குறைவாக இருந்தால் இன்னும் மேல். நான் எதிர்பார்க்காத இன்னொரு சந்தோஷம், கராஜில் தேள் கண்ணில் படுவதே நின்றுவிட்டது.

இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். தரையில் ஒட்டிய பட்டை தடிமனானது. கதவு அதில் இடித்ததும், கதவை ஏற்றி இறக்கும் மோட்டார் ஏதோ மாட்டிக்கொண்டது என்று முடிவுகட்டி, கதவை மேலே ஏற்றிவிடும். குழந்தைகள் அடியில் சிக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு, இங்கே சட்டப்படி கட்டாயம். நல்ல சட்டம், அதைக் குறை சொல்ல மாட்டேன். கதவு இறங்கும் அளவை மோட்டாரில் திருத்தினேன், சரியானது. ஆனால் 110 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில் இளகும் ரப்பர் குளிரில் விறைக்கிறது, மறுபடி திருத்து. போதாததற்கு, கதவடியில் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கும் தரையோர சென்சார் கண்ணில் புழுதி படிந்தாலும் கதவு இறங்காது. ஆக, தென்கிழக்கே பழுப்புச் சுவர் எழும்பி, செல்போன் எச்சரிக்கை அலறும் அந்த நேரம் பார்த்துத்தான் கதவு பாதி இறங்கி, யோசித்து, திரும்பிப் போகும். சென்சார் தகராறு என்றால் சுவரிலுள்ள பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் மூடிவிடும். தடிமன் தகராறு என்றால் ஏணி போட்டு ஏற வேண்டியதுதான்.

பட்டை வெளித்தண்ணீரைத் தடுக்கிறது, காரிலிருந்து வடிந்ததையும் உள்ளேயே தேக்குகிறது. வருடத்துக்குச் சுமார் 7 அங்குல மழை பெய்யும் ஊரில் அது பெரிய விஷயமில்லை.

காசே செலவில்லாத ஒரு வேலையும் உண்டு. புயல் வரும்போது வெளியே காற்றுத் தள்ளும் குளியலறை, சமையலறை ஃபேன்களை நிறுத்திவிடுங்கள். அவை தள்ளத் தள்ள, வீடு கதவிடுக்கு வழியாகப் புழுதியை உறிஞ்சும். தாளிப்பை அரை மணி தள்ளிப்போடச் சொல்வதுதான் கஷ்டம்.

அப்புறம், ஐ-10 நெடுஞ்சாலையில் டூசான் நகருக்குப் போய்வரும்போது புழுதி மறைத்தால், கராஜ் கதவைச் சாத்த வேண்டுமே என்று வீட்டுக்கு விரட்டாதீர்கள், அது எப்படியும் மூடாது. சாலையை விட்டு முழுதாக விலகி நிறுத்துங்கள். மினுக்கும் ஹசார்ட் விளக்கு உட்பட எல்லா விளக்கையும் அணைத்து, பார்க்கிங் பிரேக் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு, பெல்ட்டைக் கழற்றாமல் உட்காருங்கள். சிவப்பு விளக்கு தெரிந்தால் பின்னால் வருபவர் அதுதான் சாலை என்று நினைத்து வந்து இடிப்பார்.

மதிப்பெண்? ஐந்துக்கு இரண்டு. இவ்வளவு புகழ்ந்துவிட்டு இரண்டா என்றால், நேற்று மாலையும் கதவு ஏறிப் போனது. நண்பருக்குச் சொல்வது, கதவின் அடி ரப்பரை மட்டும் மாற்றுங்கள், தரைப் பட்டை வேண்டாம். என்னுடையதை நான் பிய்க்கப் போவதில்லை. பிய்த்துப் பார்த்தேன், வரவில்லை. பசைக்கு மட்டும் ஐந்துக்கு ஐந்து.