நோட்டோ சான்ஸ் சிஜேகே ஜேபி: மெனு கார்டு அடிக்கப் போதுமா?

ஒயிட் டவுன் உணவகங்களுக்கு ஜப்பானிய மொழியில் மெனு கார்டு, விசிட்டிங் கார்டு அடித்துத் தரும் புதுச்சேரி டிடிபி கடைகளுக்கு நோட்டோ சான்ஸ் சிஜேகே ஜேபி என்ற இந்த ஜப்பானிய ஃபாண்ட் தாராளமாகப் போதும். அடோபியும் கூகுளும் சேர்ந்து 2014இல் வெளியிட்டது. அடோபி பக்கத்தில் இதன் பெயர் சோர்ஸ் ஹான் சான்ஸ். இலவசம், வியாபார வேலைக்கும் தடையில்லை. மெல்லியதிலிருந்து தடிமன் வரை ஏழு எடை. ஒரு கோப்புக்குள் 65,535 வடிவங்கள். ஓப்பன்டைப் என்ற ஃபாண்ட் கோப்பு வகையில் அதற்குமேல் இடமே கிடையாது. சாய்வெழுத்து இல்லை, தமிழும் இல்லை. தமிழ் வரிகளுக்கு நோட்டோ சான்ஸ் தமிழைத் தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். பொடி எழுத்தில் மிகத் தடிமனான எடையைப் போட்டால் கஞ்சி எனப்படும் சீன வழி எழுத்துகளின் கோடுகளுக்கு இடையே மை அடைத்துவிடும், ரெகுலரே நல்லது.

இறக்கும்போது ‘ஜேபி’ என்று பார்த்து எடுங்கள். சீனமும் ஜப்பானியமும் பகிரும் எழுத்துகளில் பெரும்பாலானவற்றுக்கு, எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோட் ஒரே எண்தான் கொடுத்திருக்கிறது. டொன்கொட்சு ராமெனில் வரும் ‘எலும்பு’ எழுத்துக்கு இரண்டு நாட்டிலும் 39592. ஆனால் அதன் மேல்கட்டத்துக்குள் இருக்கும் சின்ன மூலை ஜப்பானில் வலப்பக்கம், சீனாவில் இடப்பக்கம். எஸ்சி என்று முடியும் சீனக் கோப்பைப் போட்டால் எழுத்து உடையாது, எந்த எச்சரிக்கையும் வராது. ஜப்பானியர் கண்ணுக்கு மட்டும் உறுத்தும்.

ஃபாண்ட் மாற்றினால் சரியாகும் சங்கதி இதுபோல் சிலதான். பாமினி, வானவில் என்ற பழைய தமிழ் ஃபாண்ட்களின் காலத்துப் பழக்கம் நம்மை விடுவதில்லை: எழுத்து உடைந்தால் உடனே ஃபாண்ட்டை மாற்றிப் பார்ப்போம். பாமினியில் அது நியாயம், அங்கே ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்திருந்தார்கள். ஜப்பானிய உரை அப்படியில்லை. வாடிக்கையாளர் அனுப்பும் பழைய டெக்ஸ்ட் கோப்பு ஷிஃப்ட்-ஜேஐஎஸ் என்ற பழைய ஜப்பானியக் குறியீட்டு முறையில் இருந்தால் பெரும்பாலும் ஒரு எழுத்துக்கு இரண்டு பைட், யூனிகோடை எழுதும் யூடிஎஃப்-8 முறை என்றால் பெரும்பாலும் மூன்று. ஒன்றை மற்றொன்றாகப் படித்த பிறகு எந்த ஃபாண்ட்டைப் போட்டாலும் குப்பைதான்.

மெனுவில் அடிக்கடி வரும் ‘ஸோஸு’வையே (சாஸ்) பாருங்கள். ஷிஃப்ட்-ஜேஐஎஸ்ஸில் ‘ஸோ’வின் இரண்டு பைட் 131, 92. நீட்டல் கோடு 129, 91. இதில் 92 என்பது ஆங்கிலக் கணக்கில் பின்சாய்கோடு. ஷிஃப்ட்-ஜேஐஎஸ் தெரியாத நிரல் அதைக் கட்டளைக்குறி என்று நினைத்து விழுங்கிவிட்டால், மிச்சமுள்ள 131 அடுத்த 129ஐ இழுத்துக்கொண்டு ‘மே’ ஆகிறது. 91 தனியாக நின்று சதுர அடைப்புக்குறி ஆகிறது. மெனுவில் ‘மே’, ஒரு அடைப்பு, ‘ஸு’ என்று அச்சாகும்.

திரையில் தெரிவதை வைத்தே நோயைச் சொல்லிவிடலாம். வெறும் கட்டங்கள் என்றால் ஃபாண்ட்டில் அந்த வடிவம் இல்லை, நோட்டோ போட்டால் தீரும். சம்பந்தமில்லாத கஞ்சிக் கூட்டமோ, தலையில் குறி போட்ட ஆங்கில எழுத்துகளோ என்றால் தப்பான முறையில் திறந்திருக்கிறோம். கோப்பைச் சேமிக்காமல் மூடுங்கள். வரிசையாகக் கேள்விக்குறிகள் என்றால், அதற்கு முன்பே யாரோ சேமித்து அழித்தாயிற்று. மூலக் கோப்பைத் திரும்பக் கேட்பதைத் தவிர வழியில்லை.

நோட்பேட்++ என்ற டெக்ஸ்ட் எடிட்டரில் என்கோடிங், கேரக்டர் செட்ஸ், ஜப்பானீஸ், ஷிஃப்ட்-ஜேஐஎஸ் என்று போய், எழுத்து ஒழுங்காகத் தெரிந்த பிறகு ‘கன்வர்ட் டு யூடிஎஃப்-8’ கொடுத்துச் சேமியுங்கள். பக்கத்திலேயே வெறும் ‘யூடிஎஃப்-8’ என்று ஒன்று இருக்கும். அது படிக்கும் முறையை மட்டும் மாற்றும், பைட்டை மாற்றாது. பலர் அதில்தான் வழுக்குகிறார்கள். பிறகு இன்டிசைனில் இறக்கலாம். பேஜ்மேக்கருக்கு யூனிகோடே தெரியாது, அதில் முயல வேண்டாம்.

விசிட்டிங் கார்டு என்றால் ‘தகஹாஷி’ போன்ற பெயர்களைக் கூர்ந்து பாருங்கள். ‘தக’வுக்கு நடுவில் வாய் போன்ற சதுரம் உள்ள வடிவமும் உண்டு, ஏணி போன்ற வடிவமும் உண்டு. ஏணி வடிவம் ஜேஐஎஸ் எக்ஸ் 0208 என்ற ஜப்பானிய எழுத்துத் தரத்தின் 6,355 கஞ்சிகளில் இல்லை. ஷிஃப்ட்-ஜேஐஎஸ்ஸின் மைக்ரோசாஃப்ட் வடிவமான 932 குறியீட்டிலும் யூனிகோடிலும் இருக்கிறது. நோட்டோவில் இரண்டும் வருவதால், எது வேண்டும் என்று ஆர்டர் எடுக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.