உலர் காய்கறி பாக்கெட்: கிச்சடிக்குச் சரி, பொரியலுக்கு வேண்டாம்

சுண்டைக்காய் வற்றலும் கொத்தவரங்காய் வற்றலும் மதுரைச் சமையலறைக்குப் புதிதல்ல. கேரட், பீன்ஸ், முட்டைகோஸ், பட்டாணி கலந்த இந்த பாக்கெட் வேறு ரகம். உப்பும் மோரும் சேராதது, எண்ணெயில் பொரிக்காமல் வெந்நீரில் ஊறவைத்துச் சமைப்பது.

ஒரு ஆளுக்கு 20 கிராம் தாராளம். கொதிக்கிற தண்ணீர் 100 மில்லி ஊற்றி 20 நிமிடம் மூடி வையுங்கள். கோஸும் கேரட்டும் சீக்கிரம் மெத்தென்று ஆகிவிடும், பட்டாணிதான் அடம்பிடிக்கும். அது அதிகமுள்ள பாக்கெட் என்றால் முந்தின இரவே ஊறப்போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

சாம்பாரில் பலர் சறுக்குவது புளியில். புளிப்புப் பட்டால் காய் வேகாமல் விறைத்தே நிற்கும். நன்றாக வெந்த பிறகே கரைசலை ஊற்ற வேண்டும். ரவை கிச்சடிக்கு இந்தத் தொல்லையே இல்லை. ஊறிய தண்ணீரையும் ரவைக்கான அளவில் சேர்த்துக்கொள்ளலாம். பொரியல் செய்தால் வாயில் மெல்லும்போது ரப்பர்தான்.

வைட்டமின் சி பெரும்பகுதி போய்விடும், நார்ச்சத்து தங்கும். இறக்கியபின் எலுமிச்சை பிழிந்தால் ஓரளவு ஈடாகும்.

வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். வெளிச்சம் பட்டுக் கிடந்த கேரட் வெளுத்திருக்கும். ஐப்பசி மழையில் பிரித்த பாக்கெட் நமுத்துவிடும் என்பதால் உடனே இறுக்கமான பாட்டிலுக்கு மாற்றுங்கள். பீன்ஸ் துண்டு ‘டக்’கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் ஈரம் ஏறிவிட்டது, பூஞ்சை வர நாளாகாது.